எருக்கு: இலை வரைக்கும் சரி, பால் வேண்டாம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி நெருங்கினால் எருக்கம்பூவைப் பற்றிக் கேட்பார்கள். தை மாதம் ரத சப்தமிக்கு முந்தின நாள் இலையைப் பற்றிக் கேட்பார்கள். மற்ற நாட்களில் குதிகால் வலிக்காரர்களும் சர்க்கரை உள்ளவர்களும் வாட்ஸப்பில் வந்த வீடியோவை அனுப்பி "இது நிஜமா?" என்பார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியன் இல்லை. செடிகொடிகளோடு நெடுநாள் பழக்கம் உண்டு. எருக்கம்பால் பட்ட ஒரு கண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவமும் உண்டு.

எருக்கு என்றால் எந்தச் செடி? எப்படி அடையாளம் காண்பது?

ரயில் பாதையோரம், சுடுகாடு, இடிந்த வீடு, கண்மாய்க் கரை, கடற்கரை மணல் என்று யாரும் தண்ணீர் விடாத இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு புதர் நிற்கும். இலை தடிமனாக, சாம்பல் பூசிய பச்சையில் இருக்கும். விரலால் தடவினால் மாவு ஒட்டும். காம்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தண்டோடு ஒட்டி, எதிரெதிராக முளைத்திருக்கும். எங்கே கிள்ளினாலும் பால் வடியும். பூவில் ஐந்து இதழ்கள், நடுவில் குட்டிக் கிரீடம் மாதிரி ஓர் அமைப்பு. மொட்டை இரண்டு விரலால் அழுத்தினால் 'டப்' என்று வெடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அதை வெடிக்காமல் வீடு வந்தவர்கள் நம் ஊர்ப்பக்கம் குறைவு.

யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் எருக்கலை என்பார்கள். தெலுங்கில் ஜில்லேடு, கன்னடத்தில் எக்க, இந்தியில் ஆக் அல்லது மதார், சமஸ்கிருதத்தில் அர்க்கம். தாவரவியல் பெயர் கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. அரளியும் நித்தியகல்யாணியும் இதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் குணம் தெரிந்தவர்களுக்கு மேலே படிக்காமலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

வெள்ளெருக்கும் நீல எருக்கும் வேறு வேறு செடிகளா?

பூவின் நிறம்தான் வேறு. கத்தரிப்பூ நிறத்தில் பூப்பதை நீல எருக்கு என்கிறோம், வெள்ளையாகப் பூப்பதை வெள்ளெருக்கு. இரண்டும் ஒரே இனம். குழப்பம் வருவது மூன்றாவது ஒன்றால்: கலோட்ரோபிஸ் புரோசெரா என்று இன்னோர் எருக்கு இருக்கிறது. ராஜஸ்தான், குஜராத், அப்புறம் அரேபியா, ஆப்பிரிக்கா என்று வறண்ட நாடுகளில் அதிகம். அதன் இதழ்கள் விரியாமல் நிமிர்ந்து நிற்கும், நுனியில் மட்டும் ஊதா தீற்றியிருக்கும். சில புத்தகங்கள் அதையும் வெள்ளெருக்கு என்றே எழுதிவிடுகின்றன.

வெள்ளெருக்குக்கு மருத்துவக் குணம் அதிகம் என்பது நம் நாட்டு வழக்கு. விஷம் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் இரண்டிலும் பால்தான்.

கோயில் பூ, குளிக்கும் இலை என்கிறோம். நிஜமாகவே விஷமா?

ஆமாம். இலை, தண்டு, வேர்ப்பட்டை, பால் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாலில் அதிகம்.

பாலில் இரண்டு வகை ஆபத்து. ஒன்று, புரதத்தைக் கரைக்கும் நொதிகள். பட்ட இடத்தில் தோல் எரிந்து, சிவந்து, சிலருக்குக் கொப்புளம் கிளம்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரண்டாவது, இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடுகள். கலோட்ரோபின், உஷாரின், கலாக்டின் என்று அவற்றில் பல உண்டு. இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது. இந்தப் பொருட்கள் அதைப் பிடித்து நிறுத்திவிடும். நாடி மந்தமாகும், துடிப்பு தாளம் தப்பும். அரளிக் கொட்டை செய்வதும் இதே வேலைதான். ஆப்பிரிக்காவில் புரோசெரா எருக்கின் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள் என்றால் அதன் வீரியத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

டிஜாக்சின் என்ற இதய மாத்திரையும் இதே வகைப் பொருள்தான், வேறொரு செடியிலிருந்து எடுப்பது. மில்லிகிராமில் கால் பங்கு, அதற்கும் கீழே என்று அளந்து கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பரிசோதனையும் செய்கிறார்கள். எருக்கம்பாலுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறும். "ரெண்டே சொட்டுதானே" என்கிறவர்களிடம் எந்தச் செடியின் இரண்டு சொட்டு என்று கேட்கத் தோன்றும்.

கண்ணில் பால் பட்டுவிட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உடனே குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்து, கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கசக்கக் கூடாது. அப்புறம் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். எருக்கம்பாலின் தந்திரமே அதில்தான் இருக்கிறது.

என் தம்பிக்குப் பதினாறு வயதிருக்கும்போது நடந்தது. சதுர்த்தி அன்று விடிகாலையில் எருக்கம்பூ பறிக்கப் போனான். பையில் பாதி நிரம்பியபோது கண்ணில் ஏதோ தெறித்த மாதிரி இருந்ததாம். சட்டை நுனியால் துடைத்துவிட்டு வந்துவிட்டான். கொஞ்ச நேரம் எரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. கொழுக்கட்டை சாப்பிட்டான், தெருப் பிள்ளையாரைப் பார்க்கப் போனான். சாயங்காலம் விளக்கேற்றியபோது "அம்மா, சுடரைச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதே" என்றான். மறுநாள் காலையில் அந்தக் கண்ணுக்கு எதிரே நீட்டிய விரல்கள் புகைக்குள் இருப்பது போலத் தெரிந்தன. வலி மட்டும் துளியும் இல்லை.

காரணத்தைக் கண் மருத்துவர் சொன்னார். கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் நீர் தேங்காமல் இறைத்துக்கொண்டிருப்பது அவற்றின் வேலை. எருக்கம்பால் கருவிழியை ஊடுருவிப் போய் அந்த அடுக்கைத் தாக்குகிறது. நீர் தேங்கிக் கருவிழி உப்பி, கண்ணாடி பனி பிடித்தது போலாகிறது. இந்திய மருத்துவ இதழ்களில் வந்த எருக்கம்பால் கண் பாதிப்புகளிலும் 'வலியில்லாமல் பார்வை மங்கியது' என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. நேரத்தோடு சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும். தம்பிக்கும் திரும்பியது. ஆனால் செத்துப்போன அந்த உட்புற அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடச் சொல்லி அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள். அதுவும் வேண்டாம். தண்ணீர் போதும், பிறகு டாக்டர்.

வாய்க்குள் போய்விட்டால்?

வாயைக் கொப்பளிக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரித்துக்கொண்டு உள்ளே போனது அரித்துக்கொண்டே மேலே வரும். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துப் போனால் நல்லது. வாய் எரிச்சல், எச்சில் ஊறுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு இவை முதலில் வரும். நாடி குறைவதும் துடிப்பு தப்புவதும் சற்று நேரம் கழித்து வரலாம். அதனால் வாந்தி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

குதிகால் வலிக்குச் சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிக்கச் சொல்கிறார்களே, பலன் இருக்கிறதா?

இருக்கிறது. எருக்கைப் பற்றிய கேள்விகளில் நான் கொஞ்சம் தைரியமாக 'சரி' சொல்வது இதற்கு மட்டும்தான்.

எங்கள் அத்தை செய்வதைச் சொல்கிறேன். முழுச் செங்கல் ஒன்றை விறகடுப்பில் ஓரமாகச் சாய்த்து வைப்பாள். செடியிலேயே மஞ்சளாகப் பழுத்த இலை நாலைந்து, பால் சுத்தமாக வடிந்தது, பக்கத்தில் இருக்கும். செங்கல்லை இடுக்கியால் எடுத்துத் தரையில் வைத்து, இலையை இரண்டு மூன்றாக அடுக்குவாள். 'சுர்' என்று சத்தம் வரும், வெந்த கீரையும் புகையும் கலந்த மாதிரி ஒரு வாடை கிளம்பும். குதிகாலை வைப்பாள், உடனே எடுப்பாள். வைப்பாள், எடுப்பாள். ஊன்றி நிற்க மாட்டாள். இலை கருகினால் வேறு இலை. கல் ஆறும்வரை இது நடக்கும். அப்புறம் அன்றைக்குத் தண்ணீரில் கால் வைக்க மாட்டாள்.

வேலை செய்வது பெரும்பாலும் சூடு. இலை ஈரச் சூட்டைக் கொடுக்கிறது, கல் நேராகச் சுடாமல் காக்கிறது. இலைச் சாறுக்கு வீக்கம் குறைக்கும் தன்மை இருப்பதாக விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் குதிகாலின் தடித்த தோல் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்பது வேறு கேள்வி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவது போல வலித்து, நாலடி நடந்ததும் குறைகிற வகைதான் பெரும்பாலானவர்களுக்கு. அதற்கு மெத்தென்ற செருப்பும் கெண்டைக்கால் நீட்டும் பயிற்சியும் இதைவிட முக்கியம். அத்தை செருப்பை மாற்றியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவர்கள் உண்டு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் கிட்டவே போகக் கூடாது. சூடு உறைக்காது, கால் வெந்தபிறகுதான் தெரியும். குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாக இருப்பவர்களும் தள்ளி வையுங்கள், வெடிப்பு வழியே சாறு உள்ளே இறங்கும். காஸ் அடுப்பில் செங்கல்லை வைப்பவர்கள் ஈரச் செங்கல்லை வைக்காதீர்கள், வெடித்துச் சிதறும்.

மூட்டு வீக்கத்துக்கு இலையைக் கட்டலாமா?

இலையில் விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, அனலில் வாட்டி, பொறுக்கும் சூட்டில் வீக்கத்தின் மேல் வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். வாட்டும்போதே பாலின் வேகம் அடங்கும் என்பது வைத்தியர்களின் கணிப்பு. தோலில் காயமோ கீறலோ இல்லாமல் இருந்தால், முதலில் சின்ன இடத்தில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்து, அரிப்பு இல்லை என்றால் தொடரலாம். ராத்திரி முழுக்க இறுகக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டாம். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, தொட முடியாமல் சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அது இலை கட்டும் வீக்கம் இல்லை. டாக்டரிடம் போங்கள்.

உள்ளங்காலில் எருக்கிலையை வைத்துச் சாக்ஸ் போட்டுக்கொண்டால் ஒரு வாரத்தில் சர்க்கரை குறையுமாமே?

குறையாது. எருக்கின் இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் எலிகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அந்த எலிகள் சாக்ஸ் போட்டிருக்கவில்லை, வாய் வழியாகக் குடித்தன. மனிதப் பாதத்தில் இலையைக் கட்டினால் சர்க்கரை குறையும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்தால். உலகத்தில் யார் பாதத்தில் வேண்டுமானாலும் எருக்கிலையைக் கட்டிவிடலாம், சர்க்கரை நோயாளி பாதத்தில் மட்டும் கட்டக் கூடாது. உணர்ச்சி குறைந்த கால், மெல்ல ஆறும் புண், நாள் முழுக்கச் சாக்ஸுக்குள் வேர்வையோடு ஊறும் பால். ஒரு கொப்புளம் போதும். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை முயன்று பார்க்கச் சொல்லும் வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பல்வலி, முள், மரு, தேள்கடி இதற்கெல்லாம் பால் வைக்கலாமா?

நான்குக்கும் நாட்டு வழக்கம் உண்டு, நான்குக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.

சொத்தைப் பல்லில் பஞ்சால் பாலை நனைத்து வைத்தால் வலி மரக்கும் என்பார்கள். ஈறும் உதடும் வெந்துபோகும், கொஞ்சம் தொண்டைக்குள்ளும் இறங்கும். காலில் ஏறிய முள்ளுக்கு மேல் பாலை விட்டால் தோல் இளகி முள் வெளியே வரும் என்று காட்டு வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். புரதம் கரைக்கும் நொதிகள் இருப்பதால் நடக்கக் கூடியதுதான். ஆனால் சுத்தமான ஊசியும் டிடி ஊசியும் கிடைக்காத காலத்துக் கைவைத்தியம் அது. மருவுக்கு வைத்தால் மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலும் சேர்ந்து போகும், முகத்தில் என்றால் தழும்பு நிற்கும். தேள், பாம்புக் கடிக்கு எருக்கை அரைத்துப் பூசிக் கொண்டிருப்பது ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தைத் தின்றுவிடும்.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் உள்ளுக்கே கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். பூவை மிளகோடு சேர்த்து இரைப்புக்கும் இருமலுக்கும், வேர்ப்பட்டையைத் தோல் நோய்க்கும், பாலைப் பற்பம் செந்தூரம் செய்வதற்கு அரைக்கும் நீராகவும் பயன்படுத்துவது பழைய முறை. ஆனால் அங்கே 'சுத்தி' என்று நச்சைக் குறைக்கும் ஒரு படி இருக்கிறது. நச்சுச் சரக்கை அப்படியே சேர்க்க மாட்டார்கள். ஊறவைப்பது, அரைப்பது, புடம் போடுவது என்று சரக்குக்குச் சரக்கு முறை மாறும். எவ்வளவு, எதோடு, எத்தனை நாள், என்ன பத்தியம் என்பதும் நோயாளியைப் பார்த்துச் சொல்வது. யூடியூப் பார்த்து வெயிலில் உலர்த்திய எருக்கம்பூவை மிக்ஸியில் அரைப்பவருக்கும் அந்த வைத்தியருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சட்டமும் இதை விஷம் என்றே பார்க்கிறது. இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் இந்திய மருத்துவ முறைகளில் சேரும் நச்சுப் பொருட்களுக்கென்று 'இ(1)' என ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் ஆயுர்வேதப் பட்டியலில் அபின், ஊமத்தை, அரளி, எட்டியோடு அர்க்கமும் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள சரக்கு சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தின் மேல் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவும்' என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும்.

எருக்கு மருந்துதான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

ஆங்கில மருத்துவம் எருக்கைத் திரும்பியே பார்க்கவில்லையா?

பார்த்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குச் சீதபேதிக்கும் வாந்தி எடுக்க வைக்கவும் தென் அமெரிக்காவிலிருந்து வரும் இபிகாக் வேர் தேவைப்பட்டது. அதற்கு மாற்றாக, 'மதார்' என்ற பெயரில் எருக்கின் வேர்ப்பட்டைப் பொடியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னால் வேறு மருந்துகள் வந்து இதைத் தள்ளிவிட்டன. நம் காலத்தில் எருக்கின் கிளைகோசைடுகள் புற்றுநோய் அணுக்களைக் கொல்வதை ஆய்வுக்கூடத்தில் கண்டு, ஐரோப்பாவில் ஒரு மூலக்கூறை மனிதச் சோதனையின் முதல் கட்டம் வரை கொண்டுபோனார்கள். மருந்துக்கடைக்கு எதுவும் வந்து சேரவில்லை. ஆக, 'எருக்கு புற்றுநோயைக் குணமாக்கும்' என்ற செய்தி வந்தால் அது கண்ணாடித் தட்டில் நடந்த கதை என்று கொள்ளுங்கள்.

கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கொடுத்துப் பெண் குழந்தைகளைக் கொன்றார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1980களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து செய்திகள் வெளியே வந்தன. பிறகு சேலம், தருமபுரியிலிருந்தும் வந்தன. 1992இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது இதனால்தான். செடி எல்லா ஊரிலும்தான் முளைக்கிறது. வரதட்சணைக் கணக்குப் போட்டது மனிதர்கள்.

இவ்வளவு விஷமான பூவைப் பிள்ளையாருக்கு ஏன் போடுகிறோம்?

யாரும் விரும்பாததை ஏற்றுக்கொள்கிறவர் என்பதால் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் கபிலரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார் (106ஆம் பாட்டு): நல்லது, கெட்டது என்ற இரண்டிலும் சேராத எளிய எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்லாது, பாரியும் அப்படித்தான், அறிவில்லாதவர் வந்து நின்றாலும் கொடுப்பான். சிவனுக்கும் எருக்கு உண்டு. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருஎருக்கத்தம்புலியூரில் (இப்போது ராஜேந்திரப்பட்டினம்) தலமரமே வெள்ளெருக்குதான்.

சங்கப் பாட்டில் எருக்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காதல் கைகூடாத ஆண், பனைமட்டையில் செய்த குதிரையில் ஏறி, எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருவான். அவமானத்தை அணிந்துகொள்ளும் பூ அது. இதே பூவுக்குத் தாய்லாந்தில் 'காதல் பூ' என்று பெயர், கல்யாண மாலையில் கோக்கிறார்கள். ஹவாயில் ராணி லிலியுவோகலானிக்கு மிகவும் பிடித்த பூ. நம்மூரில் 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது சாபம்.

பூ பறிக்கிறவர்களுக்கு: கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மூக்குக்கண்ணாடி போதும். கிளையைத் தலைக்கு மேல் வளைத்துப் பறிக்காதீர்கள், பால் நேராக முகத்தில் சொட்டும். பறித்ததைத் தண்ணீரில் போட்டு அலசி, கை கழுவிவிட்டு மாலை கட்டுங்கள். குழந்தைகளிடம் மொட்டு வெடிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ரத சப்தமிக்கு எருக்கிலை வைத்துக் குளிப்பது ஆபத்தா?

அர்க்கம் என்றால் சூரியன் என்றும் பொருள், அதனால் சூரியனுக்குரிய நாளில் இந்த இலை. ஏழு இலையைத் தலை, தோள், கால் என்று வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். முந்தின நாள் மாலையே பறித்து, அடியைக் கீழே பார்த்து வைத்துப் பால் வடியவிட்டு, கழுவி வைத்த இலை என்றால் பயமில்லை. கிளையிலிருந்து அப்போதுதான் ஒடித்த இலையைத் தலையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் பால் எங்கே வழியும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு குளியுங்கள்.

வெள்ளெருக்கை வீட்டில் வைக்கலாமா? பன்னிரண்டு வருஷம் மழை இல்லாவிட்டாலும் வளருமாமே?

பன்னிரண்டு வருஷக் கணக்கை யார் உட்கார்ந்து எண்ணினார்களோ! ஆணிவேர் ஆழமாகப் போகும், இலையின் மேலுள்ள மாவும் மெழுகும் ஈரத்தை விடாது. அதனால் மற்றது காயும்போது இது நிற்கும், அவ்வளவுதான்.

வைப்பது உங்கள் விருப்பம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். வைத்தால் நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். வெள்ளெருக்கு வேரில் செதுக்கிய பிள்ளையார் என்று கடையில் விற்பதில் எது வேர், எது வேறு மரக்கட்டை என்று செதுக்கியவருக்குத்தான் தெரியும். நாரில் திரித்த விளக்குத்திரி, அரைஞாண் கயிறு இவை பரவாயில்லை, காய்ந்த நாரில் பால் இருக்காது. இந்த நார் மிக உறுதி, வில்லுக்கு நாண் திரிக்கவே பயன்பட்டது.

ஆடு மாடு தின்றால்? தோட்டத்துக்கு ஏதாவது பயன் உண்டா?

பச்சையாக இருந்தால் பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கடும் பஞ்சத்தில் தின்றால் வயிற்றுப்போக்கும் இதயக் கோளாறும் வரும். தோட்டத்துக்கு நல்ல பயன் உண்டு. நெல் வயலில் எருக்கிலையைத் தழை உரமாக மிதித்து விடுவது பழைய பழக்கம், கரையான் அண்டாது என்பார்கள். இயற்கை விவசாயிகள் வேம்பு, நொச்சி இலைகளோடு எருக்கையும் கோமியத்தில் ஊறவைத்துப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கிறார்கள். இலையை நறுக்கும்போது கையுறை போடுங்கள்.

முளைத்துவிட்டது, வெட்டிப் போட வேண்டும். எப்படி?

கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை. அடியில் மட்டும் வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், ஆணிவேரோடு தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் என்றால் மண் இளகியிருக்கும், வேலை சுலபம்.

கத்தியை எடுக்கும் முன் இலைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு வைத்த புழு மேய்ந்துகொண்டிருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கின் விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. அப்படி ஒன்று இருந்தால் மட்டும் இரண்டு வாரம் பொறுத்து வெட்டுங்கள்.